பழைய டெக்குக்குப் புது கார்டு போட்டா பிழைக்குமா?

கேள்வி, தக்கலையிலிருந்து ஒருத்தர், 08.06.2025

2013-ல வாங்கின யூ-கி-ஓ கார்டு ஆட்டத்து ப்ளூ-ஐஸ் டெக் (கார்டுக் கட்டு) ஒண்ணு வீட்டுல கிடக்கு. இந்த வருஷம் வந்த புது ஸ்ட்ரக்சர் டெக்கை (பெட்டியில ரெடியா வர்ற கட்டு) வாங்கி அதோட கலந்தா இப்போ ஆடுறவங்க முன்னாடி நிக்குமா? இல்ல பட்ட மரத்துக்குத் தண்ணி ஊத்துற கதையா?

08.06.2025, இரவு 10.15

நிக்கும். ஆனா கலந்தா நிக்காது.

கலந்து பாத்தவன் சொல்றேன். என் டெக்கும் அதே ‘சாகா ஆஃப் ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன்’தான். குவைத்துல இருந்த சின்ன மாமா லீவுக்கு வந்தப்போ டாங் டப்பாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவுல சொருகிக் கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி எங்க கையில இருந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பெட்டிக்கடையில தொங்கின டூப்ளிகேட் பாக்கெட்டுதான். அதுல ஒரே டிராகனுக்கு ஒரு கார்டுல 3000 அட்டாக், இன்னொண்ணுல 30000. சண்டை வந்தா 30000 வச்சிருக்கிறவன் சொல்றதுதான் சட்டம்.

மார்ச்சுல புது ‘ப்ளூ-ஐஸ் ஒயிட் டெஸ்டினி’ ஒரு பெட்டி வாங்கினேன். டெக்குல 40 கார்டுல இருந்து 60 வரைக்கும் வச்சுக்கலாம்னு ரூல் இருக்கே. பழசுல பிடிச்சதெல்லாம், புதுசுல பளபளன்னு இருந்ததெல்லாம், மொத்தம் 60. வடசேரியில ஒரு மொட்டைமாடியில ஞாயித்துக்கிழமை நாலஞ்சு பேர் கூடுவோம். அன்னைக்கு ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. ரெண்டு ஆட்டத்துல ஒரு கார்டு கூட கீழ வைக்க முடியல. குழித்துறையில இருந்து வர்ற காலேஜ் பையன் என் டெக்கைப் புரட்டிப் பாத்துட்டு, “அண்ணே, இது டெக்கா அவியலா?”ன்னான். அவியலுக்கே பாவக்காய் போட மாட்டோம் மக்கா.

09.06.2025, காலை

நேத்து தூக்கக் கலக்கத்துல எழுதினது. நோய் என்னன்னு சொல்லாம மருந்து சொல்லிட்டேன்.

ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன்னா லெவல் 8, அட்டாக் 3000, டிஃபென்ஸ் 2500. எஃபெக்ட்னு (கார்டு செய்யுற விசேஷ வேலை) ஒரு வரி கிடையாது. லெவல் 7-ம் அதுக்கு மேலயும் உள்ளதைச் சாதாரணமா இறக்கணும்னா களத்துல நிக்கிற ரெண்டு மான்ஸ்டரைப் பலி குடுக்கணும். இப்படிச் சாதாரணமா இறக்குறதுக்குப் பேரு நார்மல் சம்மன், ஒரு டர்னுக்கு ஒண்ணுதான். அப்போ முதல் டர்ன்ல ஒரு ஆள், ரெண்டாவதுல ஒரு ஆள், மூணாவதுலதான் டிராகன். 2002-ல இந்த ஆட்டம் ஜப்பானை விட்டு அமெரிக்காவுக்கு வந்தப்போ அதுக்கெல்லாம் பொழுது இருந்துச்சு. அப்புறம் மான்ஸ்டரை இறக்குற புதுப் புது வழிகளா 2008-ல சிங்க்ரோ, 2011-ல எக்சீஸ், 2014-ல பெண்டுலம், 2017-ல லிங்க். ஒவ்வொண்ணும் வர வர ஆட்டம் சுருங்கிடுச்சு. இன்னைக்கு மூணாவது டர்ன்னா பாதிப் பேருக்கு அது வீட்டுக்குப் போற நேரம்.

2013 டெக்குல இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. ‘மெய்டன் வித் ஐஸ் ஆஃப் ப்ளூ’ன்னு ஒரு பொண்ணு. எதிராளி அவளை அடிக்க வந்தா டெக்குல இருந்தே டிராகன் குதிக்கும். அருமையான யோசனைதான். ஆனா விஷயம் தெரிஞ்ச எவனும் அவளை அடிக்க மாட்டான். கடைசி பஸ் போனது தெரியாம ஸ்டாப்புல நிக்கிறவன் மாதிரி நான் அவளை வச்சுக்கிட்டு நிப்பேன்.

09.06.2025, மதியம்

திருத்தம். அவளை நம்ம கார்டாலயே குறி வச்சாலும் டிராகன் வரும், அதை விட்டுட்டீங்கன்னு ஒருத்தர் ஞாபகப்படுத்தினார். சரிதான். குறி வைக்கிற கார்டும் அவளும் சேர்ந்து ஒரே கையில வரணுமே, அதுதான் எனக்கு வாய்க்கல.

15.06.2025

ஞாயிறு. மழை. மாடி கிடையாது, கரண்டும் கிடையாது. அப்பா கோஷ்டி திண்ணையில மெழுகுவர்த்தி வச்சு 28-ங்கிற சீட்டு ஆட்டம் ஆடிட்டு இருந்தது. பக்கத்துல உக்காந்து பாத்தப்போதான் எனக்கு இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தோணுச்சு.

ரம்மியில ராஜாவுக்குப் பத்து பாயிண்ட், ஒன்பதுக்கு ஒன்பது. 28-ல ராஜாவுக்கும் ராணிக்கும் பூஜ்யம். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு. நாலு சாதிக்கும் கூட்டினா 28. அதே சீட்டுக்கட்டுதான். ஆனா ராஜா தலையைத் தொங்கப் போட்டுட்டு இருக்கான், ஜாக்கி ஆட்டத்தையே தூக்குறான். அதுக்கு மேல துருப்பு வேற. எது துருப்புன்னு தெரியுற வரைக்கும் கையில இருக்கிற ஏழு பைசா பெறாது. தெரிஞ்ச அடுத்த நிமிஷம் அதே ஏழு எதிராளியோட ஜாக்கியை வெட்டும்.

ப்ளூ-ஐஸுக்கு நடந்ததும் இதுதான். 2016-ல வந்த ‘ப்ளூ-ஐஸ் ஆல்டர்நேட்டிவ் ஒயிட் டிராகன்’ கார்டை எடுத்துக்கோங்க. கையில பழைய ப்ளூ-ஐஸ் இருந்தா அதை எதிராளிக்குக் காட்டணும், அவ்வளவுதான், ஆல்டர்நேட்டிவ் பலி ஏதும் இல்லாம இறங்கிடும். அதுக்கும் 3000. தான் அடிக்கிறதை விட்டுக்குடுத்தா எதிராளியோட ஒரு மான்ஸ்டரை உடைக்கவும் செய்யும். பழைய டிராகன்ல ஒரு எழுத்து மாறல. கையில வந்து கட்டையா கிடந்தது, இப்போ கேட்ல காட்டுற பாஸ் ஆயிடுச்சு.

‘ட்ரேட்-இன்’ இன்னும் பழசு. லெவல் 8 ஒண்ணைத் தூக்கிப் போட்டா ரெண்டு கார்டு எடுக்கலாம். ‘ஒயிட் ஸ்டோன் ஆஃப் லெஜண்ட்’ (சுருக்கமா கல்லு) கிரேவ்யார்டுக்கு, அதாவது தூக்கிப் போட்டதும் உடைஞ்சதும் சேர்ற குவியலுக்குப் போனா டெக்குல இருந்து ஒரு ப்ளூ-ஐஸ் கைக்கு வரும். ‘மெலடி ஆஃப் அவேக்கனிங் டிராகன்’ ஒரு கார்டைத் தூக்கிப் போடச் சொல்லும், பதிலுக்கு 3000-க்குக் குறையாத அட்டாக்கும் 2500-க்கு மிஞ்சாத டிஃபென்ஸும் உள்ள டிராகன் ரெண்டைக் குடுக்கும். மெலடிக்கு அந்தக் கல்லையே தூக்கிப் போட்டா? ரெண்டு கார்டு செலவு, மூணு டிராகன் கையில. இதை முதல்முதலா செஞ்ச அன்னைக்கு நான் எழுந்து நின்னுட்டேன்.

2016 உலகச் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சது ப்ளூ-ஐஸ் டெக்தான். 1999-ல ஜப்பான்ல ஆட்டம் தொடங்கின காலத்து டிராகன், 17 வருஷம் கழிச்சு.

15.06.2025, கொஞ்ச நேரம் கழிச்சு

கரண்ட் வந்துடுச்சு. அப்பா தோத்துட்டார். நான் பக்கத்துல உக்காந்ததுதான் காரணமாம்.

17.06.2025

தக்கலைக்காரர், “அப்போ ஆல்டர்நேட்டிவ் மூணு போட்டா போதுமா?”ன்னு கேக்குறார். கணக்கைப் பாப்போம். 40 கார்டு டெக், ஒரே கார்டு மூணுதான் வைக்கலாம், தொடக்கத்துல அஞ்சு எடுக்குறோம். 3-ஐ 40-ஆல வகுத்து 5-ஆல பெருக்கினா 37.5 சதவீதம். ஆறு வச்சா 75. நல்லாத்தானே இருக்கு?

17.06.2025, இரவு

இரணியல்ல கணக்கு ட்யூஷன் எடுக்கிற ஒருத்தர் காதைத் திருகிட்டார். ஒரே கையில ரெண்டு வந்துட்டா நான் அதை ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஒண்ணுகூட வராம போற வாய்ப்பைக் கண்டுபிடிச்சு அதைத்தான் நூறுல கழிக்கணுமாம். அப்படிப் போட்டா மூணு கார்டுக்கு 33.8 சதவீதம், ஆறுக்கு 57.7, ஒன்பதுக்கு 74.2, பன்னிரண்டுக்கு 85.1.

என் அவியல் டெக்குக்கும் போட்டுப் பாத்தேன். 60 கார்டுல மூணு வச்சா 23.3. நாலு ஆட்டத்துல ஒண்ணுலதான் அந்தக் கார்டு தொடக்கத்துல கண்ணுல படும். ஆறு ஆட்டம் தோத்ததுக்கு விதியைத் திட்டினேன், ரூல் புத்தகத்தைத் திட்டினேன். குத்தம் வகுத்தல்ல இருந்திருக்கு.

அதனால புது கார்டு வாங்கப் போறவங்க அதோட அட்டாக்கைப் பாக்காதீங்க. டெக்குக்குள்ள கை விட்டுத் தேடி எடுத்துத் தருதான்னு பாருங்க. ‘சேஜ் வித் ஐஸ் ஆஃப் ப்ளூ’ நார்மல் சம்மன் ஆனா லெவல் 1 லைட் ட்யூனர் (லெவலைக் கூட்டி சிங்க்ரோ இறக்க உதவுற மான்ஸ்டர்) ஒண்ணை எடுத்துத் தரும். அப்போ சேஜ் மூணு, ட்யூனர் மூணு, மெலடி மூணுன்னு எண்ணிக்கை ஏறுது. லெவல் 1 ட்யூனரும் லெவல் 8 டிராகனும் சேர்ந்தா 9. அது ‘ப்ளூ-ஐஸ் ஸ்பிரிட் டிராகன்’. அவன் நிக்கிற வரைக்கும் யாரும் ஒரே நேரத்துல ரெண்டு மான்ஸ்டரை ஸ்பெஷல் சம்மன் (நார்மல் சம்மன் இல்லாத வேற வழியில இறக்குறது) பண்ண முடியாது. பெண்டுலத்துல கூட்டமா இறக்குறவன் முகத்தை அப்போ பாக்கணும்.

18.06.2025

ஸ்பிரிட் டிராகன் போடுற தடை உங்களுக்கும்தானேன்னு கேக்குறாங்க. ஆமா, அது எனக்கும் சேர்த்துத்தான் தடை. தெரியும். விடுங்க.

22.06.2025

ப்ளூ-ஐஸ் மட்டுமே பேசிட்டு இருக்கோம். எனக்கு இதைவிடப் பிடிச்ச உதாரணம் டைனோசர் டெக்தான்.

மாடிக்கு வர்ற பேங்க் அண்ணாச்சி பல வருஷமா டைனோசர் ஆடுறவர். அவர் கையில ‘பேபிசெராசாரஸ்’னு ஒரு குஞ்சு. அது உடைஞ்சு கிரேவ்யார்டுக்குப் போனா டெக்குல இருந்து லெவல் 4-க்கு மிஞ்சாத ஒரு டைனோசர் வரும். ஆனா யாராவது உடைக்கணுமே. அண்ணாச்சி குஞ்சை முன்னாடி வச்சுட்டு, “அடிங்கப்பா, தைரியமா அடிங்க”ன்னு கெஞ்சுவார்.

2017-ல ‘டைனோஸ்மாஷர்ஸ் ஃப்யூரி’ன்னு ஒரு ஸ்ட்ரக்சர் டெக். அதுல ‘சோல்ஈட்டிங் ஓவிராப்டர்’. இறங்கினவுடனே டெக்குல இருந்து ஒரு டைனோசரைக் கைக்கோ கிரேவ்யார்டுக்கோ அனுப்பும். அடுத்ததா நம்ம களத்துல நிக்கிற குட்டி டைனோசரை அதுவே உடைக்கும். அப்புறம் எதுக்குக் கெஞ்சணும்? குஞ்சு உடையுது, இன்னொண்ணு வருது, கிரேவ்யார்டு நிறையுது. அங்க இருந்து ரெண்டு டைனோசரை வெளியேத்தினா ‘அல்டிமேட் கண்டக்டர் டைரானோ’, அட்டாக் 3500. குஞ்சு மாறல. உடைக்கிற கை மட்டும் எதிராளிகிட்ட இருந்து அண்ணாச்சிகிட்ட வந்துடுச்சு.

23.06.2025

அண்ணாச்சி போன் பண்ணித் திட்டினார். பேபிசெராசாரஸை யாராவது ‘அடிச்சா’ டைனோசர் வராது, கார்டு எஃபெக்டால உடைஞ்சாத்தான் வரும். அவர் அடிக்கச் சொல்லிக் கெஞ்சினதே இல்லையாம். கெஞ்சினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரூல் விஷயத்துல அவர் சொன்னதுதான் சரி. கெஞ்சின விஷயத்துல நான் சொன்னதுதான்.

29.06.2025

ஆட்டத்தை விட்டுட்டு ஒரு புலம்பல். ஆல்டர்நேட்டிவ் மூணு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். கவரைப் பிரிச்சவுடனே பெட்டிக்கடை ஞாபகம் வந்துச்சு. பின்பக்கம் வெளிறின காவி நிறம். ஒரிஜினல்ல வலது கீழ் மூலையில சின்னதா ஒரு சதுரம் மின்னும், இதுல அந்த இடத்துல சாம்பல் கலர்ல ஒரு பொட்டு. எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. மூணும் இப்போ என் அக்கா பையன் புத்தகத்துக்குள்ள புக்மார்க்கா இருக்கு.

இன்னொண்ணு, ஸ்லீவ், அதாவது கார்டுக்குப் போடுற உறை. இந்த ஆட்டத்துக் கார்டு 59-க்கு 86 மில்லிமீட்டர். போக்கிமான், மேஜிக் கார்டெல்லாம் 63-க்கு 88. சைஸ் பாக்காம வாங்கினா கார்டு உள்ளுக்குள்ள தாத்தா சட்டையைப் போட்ட பேரன் மாதிரி ஆடும். ரெண்டு தடவை ஏமாந்தேன்.

நம்ம ஊர் ஈரக்காத்து வேற. ஜூன் பிறந்துட்டா ஃபாயில் (மினுமினுப்பு) கார்டு எல்லாம் அப்பளம் மாதிரி வளையும். 2013 டெக்கை பிஸ்கட் டின்ல போட்டுப் பரண்ல வச்சிருந்தேன். இந்த வருஷம் திறந்தப்போ ‘அஸூர்-ஐஸ் சில்வர் டிராகன்’ வில்லு மாதிரி இருந்தது. ஷூ பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலம் நாலஞ்சு போட்டு, மேல ரெண்டு டெலிபோன் டைரக்டரி வச்சு ஒரு வாரம் அமுக்கினதுல பாதி நிமிர்ந்திருக்கு. டெலிபோன் டைரக்டரி எதுக்காவது உதவும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க.

06.07.2025

போன ஞாயிறே எழுதியிருக்கணும், தோத்த கடுப்புல விட்டுட்டேன்.

திருத்தின டெக், சரியா 40. சேஜை இறக்கினேன், கல்லைத் தேடினேன். குழித்துறைப் பையன் கையில இருந்து ‘ஆஷ் ப்ளாசம்’ போட்டான். டெக்குல இருந்து கைக்கு எடுக்கிற எஃபெக்ட்டை அது அப்படியே நிறுத்தும். நார்மல் சம்மன் முடிஞ்சு போச்சு, களத்துல அட்டாக் இல்லாத சேஜ், கையில ரெண்டு டிராகன். மறுபடியும் பஸ் ஸ்டாப்.

மேல தேடுற கார்டு வேணும், தேடுற கார்டு வேணும்னு நான் எழுதினது பாதிதான். ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழி திறந்திருக்கணும். மெலடிக்குக் கல்லைத் தூக்கிப் போடுறோம் பாருங்க, அங்க ஆஷ் மெலடியை நிறுத்தினாலும் கல்லு நிக்காது. தூக்கிப் போட்டது போட்டதுதான், ஒரு டிராகன் வந்தே தீரும்.

2025 கார்டுகள்ல எனக்குப் பிடிச்சதும் அதுக்காகத்தான். ‘மெய்டன் ஆஃப் ஒயிட்’ டெக்குல இருந்து ‘ட்ரூ லைட்’ங்கிற கார்டை எடுத்துக் களத்துல வைப்பா. அது டர்னுக்கு ஒரு தடவை கையில இருந்தோ கிரேவ்யார்டுல இருந்தோ ப்ளூ-ஐஸை எழுப்பும். அதனால ட்ரேட்-இன்னுக்குத் தூக்கிப் போட்ட டிராகன் நஷ்டக் கணக்குல வராது. அதுலயும் ஒரு விஷம் உண்டு. விரிஞ்சு கிடக்கிற ட்ரூ லைட் கிரேவ்யார்டுக்குப் போச்சுன்னா நம்ம மான்ஸ்டர் மொத்தமும் உடையும். பையன் ரெண்டாவது ஆட்டத்துல அதைத்தான் உடைச்சான்.

07.07.2025

போக்கிமானுக்கும் இது பொருந்துமான்னு ஒருத்தர் கேட்டார். ஸ்டாண்டர்டுங்கிற போட்டி வகையில பொருந்தாது. அங்க கார்டோட கீழ் மூலையில ஒரு எழுத்து இருக்கும், பழைய எழுத்துகள் காலம் முடிஞ்சா ஆட்டத்தை விட்டே போயிடும். மேஜிக்லயும் ஸ்டாண்டர்டுல அப்படித்தான். யூ-கி-ஓவுல தடைப் பட்டியல் மட்டும்தான். அதுல பேர் வராத வரைக்கும் 2002 கார்டும் இன்னைக்குச் செல்லும். இந்த இழையே அந்த ஒரு ரூலால ஓடிட்டு இருக்கு.

13.07.2025

எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சு. என் டெக்கைப் பிரிச்சு எண்ணினேன். சின்ன மாமா கொண்டுவந்த பெட்டியில இருந்து இப்போ மிச்சம் இருக்கிறது டிராகனும் கல்லும் ட்ரேட்-இன்னும்தான். நாப்பதுல பத்துகூட இல்லை. இதைப் பழைய டெக் பிழைச்சுதுன்னு சொல்றதா, இல்ல புது டெக்குல மூணு பழைய டிராகன் ஓசியில சவாரி பண்ணுதா?

மாடிக்கு வர்ற குளச்சல்காரன்கிட்ட கேட்டேன். அவன் வீட்டுல முதல்ல கட்டுமரம். அப்புறம் வள்ளம், வள்ளத்துல அவுட்போர்டு எஞ்சின். இப்போ ஃபைபர் போட். மூணுக்கும் தாத்தா வச்ச ஒரே பேருதான், ஒவ்வொண்ணுலயும் பெயிண்ட்ல எழுதியிருக்கு. “எந்தப் பலகை பழசுன்னு மீனு கேக்குமா வே?”ன்னான்.

கேக்காதுதான். ஆனா தாத்தா கேட்டிருப்பார். எனக்கும் மெய்டன் வித் ஐஸ் ஆஃப் ப்ளூவை எடுத்துட்டு வேற கார்டு சொருகினப்போ மனசு கொஞ்சம் இடிச்சுது. பன்னிரண்டு வருஷம் எனக்காக அடி வாங்க நின்னவ. இப்போ ஒண்ணே ஒண்ணை மட்டும் திருப்பி வச்சிருக்கேன். தப்புதான், கணக்கு வாத்தியார் சும்மா விடமாட்டார்.

20.07.2025

தக்கலைக்காரருக்கு நேரா ஒரு யோசனை: காசு போடுறதுக்கு முன்னாடி போன்ல ஆடிப் பாருங்க. ‘மாஸ்டர் டூயல்’ 2022-ல வந்தது, இலவசம். அதே அளவு அபூர்வமான கார்டு மூணை உடைச்சா 30 பாயிண்ட், அதுல வேண்டியது ஒண்ணைச் செஞ்சுக்கலாம். என் அக்கா பையன் அதுலதான் ஆடுறான். “மாமா, ஸ்ட்ரக்சர் டெக் ஒண்ணு வாங்கினா பத்தாது, மூணு வாங்கணும்”னு முதல்ல சொன்னதே அவன்தான். பெட்டிக்குள்ள முக்கியமான கார்டு பெரும்பாலும் ஒவ்வொண்ணுதான் இருக்கும், நமக்கு வேண்டியது மூணு. நான் ஒரு பெட்டி வாங்கி அவியல் வச்சப்போ அவன் சிரிச்சான். பத்து வயசு.

27.07.2025

தக்கலைக்காரர் லிஸ்ட் அனுப்பியிருக்கார். கொள்ளாம், 40-லயே நிறுத்தியிருக்கீங்க. ட்ரேட்-இன் மூணு இருக்கு, ஆனா லெவல் 8 மொத்தம் ஆறுதான். அது கையில தனியா வந்து முழிக்கும். ஒண்ணைக் குறைச்சிட்டு மெலடியை மூணாக்குங்க. மெய்டன் வித் ஐஸ் ஆஃப் ப்ளூ ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

ஞாயிறு மழை இல்லேன்னா மூணு மணிக்கு வாங்க. ஸ்லீவ் போட்டுட்டு வாங்க, குழித்துறைப் பையன் ரசவடை தின்ன கையோட கார்டைத் தொடுவான்.